தண்ணிக்குள்ளயிருந்து மீனை எடுத்தது நான் இல்லை

கனடாவுக்கு வந்த பிறகு நான் முகத்தை வைத்து அடையாளம் சொல்லக்கூடியதாக இருந்த முதல் அரசியல்வாதி பிரதமர் இல்லை, மீன்பிடி அமைச்சர். 1992 யூலைத் தொடக்கம். ரொறன்ரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சமையலறை மூலையில் ஒரு சின்னத் தொலைக்காட்சி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அன்றைய செய்தியில் ஒரு ஹோட்டல் கதவை ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து இடிக்கிறார்கள். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் ஒலிவாங்கிகளுக்கு முன்னால் இருந்து ஏதோ வாசிக்கிறார். செய்தி ஆங்கிலம் எனக்கு அந்த நாளில் பாதிதான் விளங்கும். கதவை இடித்த கைகள் விளங்கின. வடமராட்சிக் கரையில் வளர்ந்தவனுக்கு வலை இழுத்துக் காய்த்த கையைத் தொலைக்காட்சியிலும் தெரியும்.

பிறகு முதல் நாள் எடுத்த காட்சி ஒன்றைக் காட்டினார்கள். அதே பெரியவர் ஒரு துறைமுகத்தில், சனத்துக்கு நடுவில் நின்று சத்தம் போடுகிறார்: "அந்தப் பாழாய்ப்போன தண்ணிக்குள்ளயிருந்து மீனை எடுத்தது நான் இல்லை!" பாழாய்ப்போன என்று நான் நாகரிகமாக எழுதியிருக்கிறேன். அவர் சொன்னது அதைவிடக் கொஞ்சம் காரம்.

"ஆர் அண்ணை இது?" என்று பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.

"மீன் மந்திரி. இனி மீன் பிடிக்க வேண்டாமெண்டு அந்தச் சனத்திட்ட சொல்லப் போறார்."

கோபமாக நிற்கும் மீனவர்களுக்கு நடுவில் போய் நின்று திருப்பிக் கத்துகிற அமைச்சரை நான் ஊரில் கண்டதில்லை. அதனால்தானோ என்னவோ, ஜோன் கிறொஸ்பி என்ற அந்தப் பெயர் மனதில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவரைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, மகள் கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் நியூபவுண்ட்லாந்துத் தீவின் தலைநகர் சென் ஜோன்ஸில் படிக்கப் போன சாட்டில், அந்தத் துறைமுகத்தையும் போய்ப் பார்த்தேன்.

அது பே புல்ஸ் என்ற சின்ன ஊர். சென் ஜோன்ஸிலிருந்து தெற்கே அரை மணி நேர ஓட்டம். இப்போது அங்கே திமிங்கிலமும் பஃபின் பறவையும் காட்டக் கூட்டிப்போகும் படகுகள்தான் கண்ணில் படுகின்றன. மகள் படம் எடுத்தாள். கிறொஸ்பி எங்கே நின்று கத்தியிருப்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, உங்களுக்கு ஏன் இந்தக் கிழவனில இவ்வளவு விருப்பம்?" என்றாள். விருப்பம் என்று சொல்ல முடியாது. சரி, சொல்லிப் பார்க்கிறேன்.

நியூபவுண்ட்லாந்தில் வெறுமனே 'மீன்' என்றால் கொட் மீன்தான். மற்றதெல்லாம் சல்மன், ஹெரிங் என்று தன் தன் பெயரோடு வரும். எங்கள் ஊரில் ஒருவர் சந்தைக்குப் போய் "மீன் தாங்கோ" என்று கேட்டால் சிரிப்பார்கள். பாரையோ விளையோ சூடையோ, சொல்ல வேண்டும். அங்கே ஒரே ஒரு மீன் மொழிக்குள்ளேயே அப்படி இடம்பிடித்திருந்தது. ஐந்நூறு வருடங்களாக அந்தத் தீவுக்கு ஆட்கள் வந்ததும் இருந்ததும் கடன்பட்டதும் அந்த மீனால். அந்த மீனைப் பிடிக்கக் கூடாது என்று சொன்ன அமைச்சர் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து இறங்கி வந்த அந்நியர் இல்லை, அந்த ஊர்க்காரர். ஊர்க்காரர் என்றாலும் கரைவலை இழுத்த வீடு இல்லை. சம்மாட்டி வீடு.

கிறொஸ்பி குடும்பம் சென் ஜோன்ஸின் பெரிய வியாபாரக் குடும்பங்களில் ஒன்று. அந்தத் தீவில் மீனவர் பல தலைமுறையாகக் காசைக் கண்டதே அரிது. வசந்தத்தில் வியாபாரி வலையும் மாவும் கடனுக்குக் கொடுப்பார், இலையுதிர் காலத்தில் மீனைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்க வேண்டும். மீனின் விலையையும் வியாபாரியே வைப்பார். முற்பணம் வாங்கிய மீனவர் கதை எங்கள் கரைக்குப் புதிதில்லை, அதனால் விளக்க மாட்டேன்.

ஜோன் பிறந்தது 1931இல். அப்போது நியூபவுண்ட்லாந்து கனடாவில் சேரவில்லை, அது தனி நாடு. 1948இல் கனடாவோடு சேர்வதா, தனித்து நிற்பதா என்று வாக்கெடுப்பு நடந்தபோது அவருடைய தகப்பன் செஸ்லி, அமெரிக்காவோடு பொருளாதாரக் கூட்டு வேண்டும் என்று ஒரு கட்சியே நடத்தினார். கிட்டத்தட்ட 52க்கு 48 வீதம் என்ற கணக்கில் கனடா வென்றது. தோற்றவரின் பிள்ளைக்கு அப்போது 17 வயது. நாற்பது வருடம் கழித்து இதே பிள்ளை கனடாவின் வர்த்தக அமைச்சராக இருந்து, அமெரிக்காவோடு சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தை விற்றுத் திரிந்தார். அதைத் தாங்கள் முழுக்க வாசித்தீர்களா என்று கேட்டபோது இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் வாசித்தேன் என்று சொல்லித் தப்பியிருப்பார்கள்.

படிப்பில் மனிதர் புலி. குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல், டல்ஹௌசியில் சட்டம், இரண்டிலும் பதக்கம். ஆனால் மேடைக்கூச்சம். பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போய்த்தான் பேசப் பழகினார். பின்னாளில் பாராளுமன்றத்தையே சிரிக்கவைத்த அந்த நாக்கும் அந்தத் தீவு உச்சரிப்பும் எவ்வளவு பிறவி, எவ்வளவு பயிற்சி என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு பணக்காரப் பள்ளியில் விடுதியில் இருந்து படித்த பெடியன், வயது போகப் போக மீனவனைப் போலக் கதைத்தார்.

அரசியலில் அவர் முதலில் லிபரல். நியூபவுண்ட்லாந்தைக் கனடாவோடு சேர்த்த ஜோய் ஸ்மோல்வூட் அங்கே குறுநில மன்னரைப் போல இருந்த காலம் அது. 1966இல் அவருடைய அமைச்சரவைக்குள் போன கிறொஸ்பி இரண்டு வருடத்தில் வெளியே வந்தார். காரணம், கம் பை சான்ஸ் ('தற்செயலாகக் கிடைத்தது') என்ற இடத்தில் ஓர் அமெரிக்க வியாபாரி கட்ட இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு மாகாணத்தின் காசை அள்ளிக்கொடுக்கப் பார்த்தது. கிளைட் வெல்ஸ் என்ற இன்னொருவரும் கூடவே விலகினார், இவர் பின்னாளில் மாகாண முதல்வரானவர். அந்த ஆலை 1976இல் வங்குரோத்தானது. அதுவரை கனடா கண்ட மிகப் பெரிய வங்குரோத்து என்று எழுதினார்கள். அந்த ஊருக்குப் பெயர் வைத்தவர் ஒரு தீர்க்கதரிசி.

1969இல் கட்சித் தலைமைக்கு கிறொஸ்பி போட்டியிட்டபோது, ஓய்வெடுக்கப் போகிறேன் என்று அறிவித்திருந்த ஸ்மோல்வூட் இவரைத் தடுக்கவே திரும்ப வந்து நின்று வென்றார். அதன் பிறகு கிறொஸ்பி முற்போக்குக் கன்சவேட்டிவ் கட்சிக்குத் தாவினார். கட்சி தாவுவது எங்கள் ஆட்களுக்கு அதிர்ச்சி தருகிற விசயம் இல்லை, தாவிய இடத்தில் நின்றாரா என்றுதான் பார்ப்போம். நின்றார். 1972இல் ஸ்மோல்வூட்டின் 23 வருட ஆட்சி முடிந்து வந்த மாகாண அரசாங்கத்தில் அமைச்சர். 1976இல் இடைத்தேர்தலில் வென்று ஒட்டாவா.

அங்கே மூன்று வருடத்தில் நிதியமைச்சர். கனடாவில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கும் நாளில் நிதியமைச்சர் புதுச் சப்பாத்துப் போடுவது வழக்கம். கிறொஸ்பி கடல்நாய்த் (சீல்) தோலில் செய்த முக்லக் காலணி போட்டுக்கொண்டு வந்தார். 1979 டிசெம்பர் 11. பெற்றோலுக்குக் கலனுக்கு 18 சதம் புது வரி. இப்போது கொஞ்சம் வலி, பிறகு நீண்ட கால நன்மை என்றார். வலி இரண்டே நாளில் வந்தது, வந்தது அவர்களுக்குத்தான். பிரதமர் ஜோ கிளார்க்கின் அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இல்லை. 282 பேர் கொண்ட சபையில் 136 ஆசனங்கள். வாக்கெடுப்பு வருகிறது என்று தெரிந்தும் தலையை எண்ணிப் பார்க்கவில்லை. வெளிநாட்டமைச்சர் ஃபுளோரா மக்டொனால்ட் ஐரோப்பாவில் நின்றார். சோஷல் கிரெடிட் கட்சியினர் வாக்களிக்கவில்லை. 139க்கு 133. அரசாங்கம் கவிழ்ந்தது. பெப்ரவரித் தேர்தலில் வீட்டுக்குப் போனார்கள்.

பதவியில் இருந்தது ஒன்பது மாதம். இதைப் பற்றிக் கிறொஸ்பி சொன்ன பகிடி கனடாவில் எல்லோருக்கும் தெரியும்: கருத்தரிக்கக் காலம் காணும், பிரசவிக்கத்தான் காணாது. தான் கவிழ்த்த அரசாங்கத்தைப் பற்றி இப்படிச் சிரிக்க ஒரு மனது வேண்டும். அல்லது நாக்கு மனதைக் கேட்பதில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே. 1983இல் கட்சித் தலைமைக்கு நின்றார். கிளார்க்கையும் மல்றோனியையும் பிடிக்காத பலருக்கு இவரைப் பிடித்தது. வெல்லக்கூடும் என்றே பேசிக்கொண்டார்கள். ஆனால் பிரெஞ்சு தெரியாது. அதைக் கேட்டபோது, சீனர்களோடு அவர்களின் மொழியில் கதைக்கவும்தான் எனக்குத் தெரியாது என்ற மாதிரிப் பதில் சொன்னார். கியூபெக்கில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நான் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு மொழியைப் பேசுகிற மக்களை, அந்த நாட்டை ஆள வருகிறவர் வெளிநாட்டாரோடு சேர்த்து எண்ணினால் எப்படி இருக்கும் என்பது இலங்கையில் பிறந்தவனுக்குத் தெரிந்த சங்கதி. மூன்றாவதாக வந்தார். மல்றோனி வென்று, அடுத்த வருடம் பிரதமரானார். இந்த இடத்தில் எனக்கு அவரில் பரிதாபம் இல்லை.

பெண்களைப் பற்றிக் கதைத்ததிலும் இல்லை. 1985இல் சபையில் லிபரல் உறுப்பினர் ஷீலா கொப்ஸைப் பார்த்துச் சத்தம் போடாதே 'பேபி' என்றார். நான் ஒருத்தருடைய பேபியும் இல்லை என்று கொப்ஸ் திருப்பிக் கொடுத்தார். 1990இல் ஒரு கட்சி விருந்தில் கொப்ஸின் பெயரை ஒரு பாட்டு வரியோடு கோத்து, மது ஊற்று, பக்கத்தில் படு என்கிற பகிடி ஒன்று விட்டார். ஆங்கிலத்தில் எதுகை வரும், அவ்வளவுதான் அதில் இருந்தது. கொப்ஸ் மூன்று வருடத்தில் துணைப் பிரதமரானார்.

ஆனால் இதே மனிதர்தான் நீதியமைச்சராக இருந்த 1986இல், பாலியல் நாட்டத்தை வைத்து ஒருவருக்கும் பாகுபாடு காட்டக் கூடாது, அதற்கு வேண்டியதை அரசாங்கம் செய்யும் என்று சபையில் உறுதி கொடுத்தார். அவருடைய சொந்தக் கட்சியில் பலருக்கு அது கசந்தது. 1985இல் கடலடி எண்ணெய்க்கான அட்லாண்டிக் உடன்படிக்கை. அதனால் நியூபவுண்ட்லாந்துக்குத் தன் கரைக்கு வெளியே எடுக்கும் எண்ணெயில், அது தன் நிலத்தில் இருப்பது போன்ற வருமானம் கிடைத்தது. ஹைபேர்னியா எண்ணெய்த் திட்டத்துக்காக மத்திய அரசிடம் சுமார் 100 கோடி டொலர் மானியமும், அதற்கு மேல் கடன் உத்தரவாதமும் வாங்கிக் கொடுத்ததிலும் அவருடைய கை பெரியது. ஒட்டாவாவில் பலர் அதைக் கடலில் கொட்டும் காசு என்றார்கள். 1997இல் எண்ணெய் வந்தது. மீன் போன பிறகு அந்த மாகாணம் தலைநிமிர்ந்தது பெரும்பாலும் அதனால்.

மீன் எப்படிப் போனது? 1968இல் நியூபவுண்ட்லாந்தின் வடகிழக்குக் கடலில் திரியும் 'வடக்குக் கொட்' மீனில் மட்டும் எட்டு லட்சம் தொன் பிடித்தார்கள், பெரும்பகுதி ஐரோப்பிய, சோவியத் இழுவைக் கப்பல்கள். 1977இல் கனடா 200 கடல் மைல் எல்லை போட்டு அவர்களை வெளியே தள்ளியது. இனி எல்லாம் எங்களுக்கு என்று சொல்லி, அதே இழுவைமடிக் கப்பல்களைக் கனடியக் கம்பனிகள் இறக்கின. (அடிவரை வழித்துக்கொண்டு போகும் இழுவைமடி என்ன செய்யும் என்று வடபகுதி மீனவரைக் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார்கள்.) கரையோரம் சின்னப் படகில் போனவர்கள் எண்பதுகளிலேயே மீன் குறைகிறது, மீன் சிறுக்கிறது என்று கத்தினார்கள். அரசாங்க விஞ்ஞானிகளின் கணக்கோ மீன் பெருகுகிறது என்றது. கப்பல்கள் நல்ல கருவிகளோடு மீன் திரண்டு நிற்கும் இடத்தைத் தேடிப் போய் அள்ளின. அந்த அள்ளலை வைத்துக் கடல் முழுக்க மீன் என்று கணக்குப் போட்டார்கள். 1989இல் பிழை தெரிந்தது. பிடிப்பை 125,000 தொன்னாகக் குறையுங்கள் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அப்போதைய மீன்பிடி அமைச்சர் 235,000 என்று வைத்தார். அவ்வளவு குறைத்தால் ஆலைகள் மூடும், ஊர்கள் சாகும் என்பது காரணம்.

அந்த அமைச்சர் கிறொஸ்பி இல்லை. அவர் அந்த இருக்கைக்கு வந்தது 1991இல். ஆனால் 1989இல் அவரும் அமைச்சரவையில் இருந்தார், நியூபவுண்ட்லாந்தின் குரலாக இருந்தவர் அவர்தான். வந்த பிறகும் 1992க்கு முதலில் வைத்த அளவு 185,000. பெப்ரவரியில் 120,000. யூலையில் பூச்சியம். ஆகவே தண்ணிக்குள்ளயிருந்து மீனை எடுத்தது நான் இல்லை என்றது பாதி உண்மை. வலை இழுத்தவர் அவர் இல்லை. எவ்வளவு இழுக்கலாம் என்று கடதாசியில் எழுதிய மேசையில் அவரும் இருந்தார்.

இதையெல்லாம் பே புல்ஸில் அந்தத் துறைமுகத்தில் நின்று மகளுக்குச் சொன்னேன். "பிறகேன் அவரைத் தூக்கிப் பிடிக்கிறீங்கள்?" என்றாள். தூக்கிப் பிடிக்கவில்லை. 1992 யூலை 1, கனடா தினம். நியூபவுண்ட்லாந்தில் அது துக்க நாளும்கூட. 1916இல் அதே நாளில் பிரான்சில் அந்தத் தீவின் படையணி ஒரு காலையிலேயே அழிந்தது. அப்படியான நாளில், மறுநாள் தான் வாசிக்கப்போவது என்ன என்று அறிந்துகொண்டு, அந்தச் சனம் கோபத்தில் நிற்கும் என்றும் அறிந்துகொண்டு, அந்த ஊருக்குப் போனார். 235,000 என்று எழுதியவர் அங்கே இல்லை. கணக்குப் போட்ட விஞ்ஞானிகள் இல்லை. கப்பல் கம்பனி முதலாளிகளும் இல்லை. இவர் நின்றார், திட்டு வாங்கினார், திருப்பியும் திட்டினார். அவரில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் சென் ஜோன்ஸ் ஹோட்டலில் அறிவித்தார். இரண்டு வருடத் தடை, வாரத்துக்கு 225 டொலர் உதவிப் பணம். அதைக் கேட்டுத்தான் கதவை இடித்தார்கள். கோப்பை கழுவிய எனக்கும் கையில் கிடைத்தது ஏறத்தாழ அதே அளவுதான், ஆனால் நான் வந்து சில மாதம் ஆனவன், அவர்கள் சொந்தப் படகும் படகுக் கடனும் வைத்திருந்தவர்கள். பிறகு அந்தத் தொகையைக் கூடியது 406 டொலர் வரை உயர்த்தினார்கள். ஆலைகளில் மீன் வெட்டியவர்களையும் சேர்த்து கிட்டத்தட்ட 30,000 பேருக்கு வேலை போனது. கனடாவில் ஒரே அறிவிப்பில் அவ்வளவு பேர் வேலை இழந்தது அதற்கு முன் இல்லை. 1991 கணக்கெடுப்பில் 568,000 பேர் இருந்த மாகாணத்தில் பத்து வருடம் கழித்து 513,000 பேர். அல்பேட்டாவுக்குப் போனார்கள், ரொறன்ரோவுக்கு வந்தார்கள். தொண்ணூறுகளில் நான் வேலை செய்த இன்னொரு சமையலறையில் அப்படி வந்த ஒருவர் இருந்தார். ஊர்க்கதை கேட்டால் கதைக்க மாட்டார். நானும் கதைக்க மாட்டேன். அந்த வகையில் நல்ல சினேகிதம்.

1993 தேர்தலில் கிறொஸ்பி நிற்கவில்லை. அந்தத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு நாடு முழுக்க இரண்டே இரண்டு ஆசனங்கள் கிடைத்தன. பிறகு மெமோரியல் பல்கலைக்கழக வேந்தர், 2008 முதல் 2013 வரை மாகாணத்தின் துணைநிலை ஆளுநர். 2020 ஜனவரியில் 88 வயதில் காலமானார். இரண்டு வருடம் என்று அவர் சொன்ன தடை அவரைவிட நீண்டது. 2024இல்தான் வடக்குக் கொட் மீன்பிடியை வியாபாரத்துக்குத் திரும்பத் திறந்தார்கள், 18,000 தொன் அளவில். அதுகூட அவசரம் என்று சொன்ன ஆட்கள் இருந்தார்கள். திரும்பவும் அதே சண்டை.

பே புல்ஸிலிருந்து திரும்பி வராமல் தெற்கே விட்டேன். பாதை கடலோரமாகவே போகிறது. ட்ரெபஸியைத் தாண்டும்போது பனிப்புகார் இறங்கிக் கார் முன்னால் பத்து அடிதான் தெரிந்தது. செயின்ட் ஷொட்ஸ் பக்கம் திரும்பும் பலகையைக் கண்டதும் மகளே கேட்டாள், "இதுதானே அந்த இடம்?"

அதுதான். 1986 ஒகஸ்ட் 11. அந்தக் கரைக்கு அப்பால், இதே மாதிரிப் புகாருக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கண்டெடுத்தவர்கள் செயின்ட் மேரிஸ் குடா மீனவர்கள். கிறொஸ்பி அப்போது போக்குவரத்து அமைச்சர், பதவியேற்று ஆறு வாரம். கரையோரக் காவல் படை அவருடைய அமைச்சின் கீழ்தான் இருந்தது. அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி நாட்டில் பலர் கூச்சலிட்டபோது, மல்றோனி முடியாது என்றார். முதலில் தங்கவைத்தது மகள் படிக்கும் அதே பல்கலைக்கழகத்தின் விடுதியில்.

"அவையைக் கரைக்குக் கொண்டுவந்த ஆக்களும் தொண்ணூற்றிரண்டில தொழில் இழந்தவையோ?"

"ஓம்," என்றேன். "அந்தக் குடாவும் தடைக்குள்ளதான் வந்தது."

அவள் கண்ணாடியை இறக்கினாள். புகாருக்குள் கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.